ஆணியில் தொங்கும் ஸ்வெட்டர்

லேசர் அறைக்கு வெளியே, பூ ஆணிகளின் வரிசையில் கடைசி ஆணியில், ஒரு பச்சை ஸ்வெட்டர் தொங்குகிறது. அது யாருடையது, ஏன் அதை யாரும் எடுத்துப் போவதில்லை என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கேட்கிறீர்களாம். "வடை அக்காவைக் கேளுங்க" என்று யாரோ என் பக்கம் கைகாட்டிவிட்டார்கள். ஓய்வு பெற்றபின் எனக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை, பேச்சுக்கு எப்போதுமே பஞ்சம் இருந்ததில்லை. எழுதியே கொடுத்துவிட்டால் ஆளாளுக்கு ஒரு கதை கட்டாமல் இருப்பீர்கள். அது பேய் ஸ்வெட்டர் என்று உங்களில் ஒரு புத்திசாலி சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

பூ ஆணியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆனாலும் பையன்களில் சிலர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். லேசர் அறைக்குள் பூ கூடாது, பவுடர் கூடாது, சென்ட் கூடாது, வழியவழிய எண்ணெய் கூடாது. இந்தப் பக்கத்துப் பெண்களோ பூ இல்லாமல் வேலைக்குக் கிளம்ப மாட்டார்கள். அதனால் சுவரில் வரிசையாக ஆணி அடித்தோம். ஷிஃப்டுக்கு வரும்போது தலையிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போக வேண்டும், போகும்போது வைத்துக்கொள்ளலாம். மத்தியானத்துக்குள் அந்த நடை முழுக்கக் கல்யாண மண்டபம் மாதிரி மணக்கும். வெளியிலிருந்து வரும் பெரிய மனிதர்கள் முதலில் அந்த ஆணிகளைத்தான் படம் எடுப்பார்கள், இயந்திரத்தை அப்புறம்தான் பார்ப்பார்கள்.

லேசரால் தகடுகளை வெட்டிக் குடைகிற இந்த நிறுவனத்தில் நான் மைக்ராஸ்கோப் மேசையில் சேர்ந்து அதே மேசையிலிருந்து ஓய்வு பெற்றவள். இடையில் பதவியின் பெயர் மட்டும் நீண்டுகொண்டே போனது, மேசை நகரவில்லை. வடை அக்கா என்ற பட்டமும் அந்த மேசையில்தான் கிடைத்தது. அது ஏன் என்று சொல்லாமல் ஸ்வெட்டர் கதையைச் சொல்ல முடியாது.

உருகுவது என்றால் நமக்கு அடுப்புதான் ஞாபகம் வரும். நம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் திரும்பின பக்கமெல்லாம் இரும்பு உலை. கரண்டைக் கொடுத்து, சிவக்கவைத்து, காத்திருந்து உருக்குவார்கள். ஒளியைத் துடிப்பாக அடிக்கும் நம் லேசர் பல்ஸுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அது வந்துபோகும் நேரத்தோடு பார்த்தால், நாம் ஒரு தடவை கண் சிமிட்டுவது ஒரு யுகம். சிலிக்கான் அணுக்கள் வரிசை பிசகாமல் நிற்பதற்குக் காரணம், எலக்ட்ரான்கள் அவற்றைப் பிணைத்து வைத்திருப்பதுதான். பல்ஸ் முதலில் அடிப்பது அந்த எலக்ட்ரான்களை. போதுமானவை ஒரே நேரத்தில் பிணைப்பை விட்டுவிட்டால், அணுக்கள் சூடாவதற்கு முன்பே வரிசை குலைந்து ஓடத் தொடங்கிவிடும். சூடு அதற்கப்புறம்தான் வந்து சேரும். முதல் தடவை இதைக் கேட்டபோது நான் நம்பவில்லை. சூடில்லாமல் உருகுவதாவது என்று சொல்லிக்கொடுத்தவரோடு சண்டைக்கே போனேன்.

உருகினது திரும்ப உறைவதில்தான் வடை இருக்கிறது. சர்க்கரைப் பாகை நிதானமாக ஆறவிட்டால் கற்கண்டாகக் கட்டும். சட்டென்று ஆறவைத்தால் கண்ணாடி மாதிரி பாளமாகிவிடும். இரண்டும் சர்க்கரைதான், ஒன்றில் உள்ளே ஒழுங்கு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. சிலிக்கான் மேல் ஒரே ஒரு பல்ஸை அளவாக அடித்தால் நடுப்பகுதி ஆழமாக உருகி, கொஞ்சம் நேரம் எடுத்து, பழையபடி படிகமாக உறையும். ஓரத்தில் மேல்தோல் மட்டும் உருகி அந்தக் கணமே கண்ணாடியாக உறைந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு வளையம். அசல் மெதுவடை. லேசர் ஒளி சரியாக விழுந்தால் வளையம் முழு வட்டமாக வரும், ஒளியில் கோளாறு இருந்தால் வளையமும் கோணும். ஆகவே ஒவ்வொரு தகட்டையும் தொடங்கும் முன் அதன் மூலையில் ஒரு பல்ஸ் அடித்து, வடையைப் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்கவிடுவேன். "வடை வெந்துச்சா அக்கா?" என்று ஆபரேட்டர்கள் கேட்பார்கள். கேட்கட்டும், என் காதுக்கு அது பழகிவிட்டது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் லாவண்யா வந்தாள். ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் கிராமம், நெல்லும் வேர்க்கடலையும் போடும் குடும்பம். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். உருவம் சின்னது, பை பெரியது. அந்தப் பைக்குள் பஞ்சில் பொதிந்து சில சிலிக்கான் தகடுகள் இருந்தன. அவற்றின் பின்புறத்தை நம் லேசரால் குடைந்து குடைந்து, முன்பக்கத்தில் மெல்லிய தோல் மட்டும் மிஞ்சும்படி குட்டிக் குட்டி ஜன்னல்கள் செய்து தர வேண்டும் என்றாள்.

"இத்தினியூண்டு ஆர்டருக்கு மெஷினை கட்டிப்போட்டா எனக்கு மேல கீறவன் என்னை கட்டிப்போட்டுடுவான்" என்றார் மேனேஜர். நல்ல மனிதர்தான். குரல் மட்டும் மீன் மார்க்கெட்டுக்குச் செய்தது.

லாவண்யா பயப்படாமல் அவருக்கு விளக்கினாள். வெளிநாட்டில் ஒரு பெரிய எக்ஸ்ரே நிலையம் இருக்கிறது. அங்கே ஒரு லேசர் பல்ஸ் அவளுடைய ஜன்னலை உருக்கும், அதன் வாலைப் பிடித்தாற்போல ஓர் எக்ஸ்ரே பல்ஸ் வந்து அணுக்கள் எப்படி நிற்கின்றன என்று படம் எடுக்கும். சிலிக்கான் வரிசை குலைகிற அந்த நொடியைப் பிடிப்பதுதான் அவள் ஆராய்ச்சி. அந்த எக்ஸ்ரே பல்ஸுக்கே ஜன்னலில் ஓட்டை போட்டுவிடும் பலம் உண்டு. ஒரு ஜன்னலில் ஒரு படம்தான் எடுக்க முடியும், அதன்பின் அந்த ஜன்னல் இருக்காது. ஆகவே நிறைய ஜன்னல்கள் வேண்டும், எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். அந்த இயந்திரத்தில் நேரம் கிடைக்க உலகமே வரிசையில் நிற்கிறது. இவளுடைய குழுவுக்குப் பல தடவை இல்லையென்று சொல்லி இந்தத் தடவைதான் சில நாட்கள் கொடுத்திருந்தார்கள். இதை விட்டால் அடுத்த வாய்ப்பு வருவதற்குள் அவளுடைய ஆராய்ச்சி உதவித்தொகையின் காலமே முடிந்துவிடும்.

"அப்ப நீ போட்டோ புடிக்கத்தான் அவ்ளோ தூரம் போறியா?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார். ஆனா போட்டோ புடிச்சதும் ஆளு செத்துருவாரு" என்றாள்.

மேனேஜர் சிரித்துவிட்டார். இடையிடையே கிடைக்கும் நேரத்தில் அவள் தகடுகளை ஓட்டிக்கொள்ளலாம் என்று முடிவானது.

அவள் தினமும் காலையில் வந்து மாலைவரை லேசர் அறையிலேயே இருந்தாள். வாசலில் அவள் பூவை மாட்டும் அழகைப் பார்த்தே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. நாங்கள் சொல்வதற்கு முன்பே முகத்துப் பவுடரைத் துடைத்து, கையை இரண்டு தடவை கழுவிவிட்டுத்தான் வருவாள். லேசர் அறையின் ஏசி மட்டும் அவளுக்குப் பழக்கமில்லை. பல் தந்தியடிக்கும். அதனால் அவளுடைய அம்மா ஒரு பச்சை ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்பியிருந்தார். பட்டாளத்தில் இருந்து வந்த தாய்மாமனுடையது, அவள் முழங்கால்வரை வரும். காத்திருக்கும் நேரத்தில் போட்டுக்கொள்வாள், இயந்திரத்துக்குப் பக்கத்தில் போகும்போது கழற்றிவிடுவாள்.

"வெளிநாட்டுக்கும் இதே சொட்டருதாங்க்கா. இங்கியே போட்டு பழகிக்கினா அங்க குளிரு தெரியாது" என்றாள்.

முதல் சில நாட்கள் வேலை வெண்ணெயாக ஓடியது. மூலை வடைகள் எல்லாம் முழு வட்டம். தகடுகள் ஒவ்வொன்றாகப் பெட்டியில் ஏறின. அவள் கிளம்ப வேண்டிய நாள் நெருங்கியபோது, ஒரு காலையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்த நான் அப்படியே நின்றுவிட்டேன். வளையத்தின் வலது மேல்பக்கத்தில், யாரோ வடையை ஒரு கடி கடித்தது போல ஒரு பள்ளம்.

வேலையை நிறுத்தச் சொன்னேன். லென்ஸைக் கழற்றித் துடைத்தோம், வடை முழுசானது. மறுநாள் மத்தியானம் அதே இடத்தில் அதே கடி.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. ஆளுக்கொரு குற்றவாளியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பக்கத்து ஆலையில் இரும்பை உருட்டுகிற அதிர்வு என்றார் ஒருவர். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் என்றார் இன்னொருவர். வள்ளூரில் அவ்வளவு பெரிய மின் நிலையத்தை வைத்துக்கொண்டு நமக்கு வரும் கரண்ட் இப்படித் தூங்கி விழுந்தால் லேசர் என்ன செய்யும் என்று மின்சாரப் பிரிவு ஆள் புலம்பினார். கடல் உப்புக் காற்று என்றும் ஒரு கட்சி இருந்தது. புது லென்ஸே மாட்டிப் பார்த்தோம். அதுவும் கடிபட்டது. ஒரு நாள் போனதுதான் மிச்சம்.

மேனேஜர் என் மேசைக்கு வந்தார். "அக்கா, ஜன்னலுங்கள்லாம் பாத்தேன். வெட்டு சுத்தமா கீது. ஒன்னு கூட ஒடையல. வடை எப்டி இருந்தா நமக்கு இன்னா? நாம வடையா விக்கிறோம்?"

"வடை கோணுதுன்னா ஒளி கோணுதுன்னு அர்த்தம் சார்."

"கஸ்டமரு பக்கத்துலயே நிக்குது. அத்தயே கேளுங்க."

பக்கத்தில் நின்ற கஸ்டமர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாஸ் பண்ணிடுங்கக்கா. நாளன்னிக்கு ஃப்ளைட்டு. எங்க நைனா அறுப்பை உட்டுட்டு ஏர்போர்ட்டுக்கு வரேன்னு சொல்லிக்கினு கீறாரு. இத்த உட்டா எனக்கு வேற வழியே இல்லக்கா. ஜன்னலு நல்லாத்தான கீது?"

உங்களுக்கும் இது நடக்கும். மேலதிகாரி அவசரப்படுத்தினால் எதிர்த்து நிற்பது அவ்வளவு கஷ்டமில்லை, அதில் ஒரு வீம்பும் கூட வந்துவிடும். யாருக்காக வேலை செய்கிறோமோ அவர்களே கையைப் பிடித்துக்கொண்டு விட்டுவிடச் சொன்னால்தான் திண்டாட்டம். என் பெண் வயசு அவளுக்கு.

"இங்க பாரு லாவண்யா" என்றேன். "வடையில ஒரு பக்கம் கொறஞ்சுதுன்னா, அந்த ஒளி வேற எங்கியோ சிந்துது. ஜன்னலு ஓரத்துல சிந்தியிருந்தா அந்த எடம் ஏற்கெனவே உருகி கண்ணாடியா ஒறைஞ்சு கெடக்கும். மேலாக்க பாத்தா தெரியாது. நீ வரிசை கலையறத படம் புடிக்கணும்ன்ற. கோலத்த நாங்களே இங்க கலைச்சு குடுத்துட்டா, அங்க போயி அது எப்ப கலைஞ்சுதுன்னு இன்னாத்த படம் புடிப்ப?"

அவள் என் கையை விட்டுவிட்டு வெளியே போய், பூ ஆணிகளுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அழுதாள். கண்ணாடிக் கதவு வழியாக எனக்குத் தெரிந்தது. மேனேஜரும் பார்த்தார். "இன்னா மனசுக்கா உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலை எல்லாருக்கும் முன்னால் போனேன். போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. அதிர்வோ கரண்டோ காரணமென்றால் கடி இடம் மாறி மாறி விழ வேண்டும். இது எப்போதும் வலது மேல்பக்கம்தான். அந்தப் பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது?

லேசர் போகும் பாதையை ஒரு பெட்டி போட்டு மூடியிருப்பது உங்களுக்குத் தெரியும். அதன் வலது பக்கத்தில் காற்றை வடிகட்டி உள்ளே அனுப்பும் சின்ன விசிறி இருக்கிறது. மூடியைத் தூக்கிவிட்டு உள்ளே குனிந்தேன். என் கண்ணாடியில் மூச்சுப் படிந்து மறைத்தது, முகமூடியைத் தாடைக்கு இறக்கினேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. எனக்குச் சட்டென்று பீரோவிலேயே கிடக்கும் என் கல்யாணப் பட்டுப்புடவை ஞாபகம் வந்தது. ஒரு நிமிடம் நான் எங்கே நிற்கிறேன் என்றே புரியவில்லை.

முகூர்த்த நாள் என்று யாராவது பட்டு கட்டிக்கொண்டு வந்தார்களா என்று கூட யோசித்தேன். அதற்குள் லாவண்யா வந்துவிட்டாள். கண் வீங்கியிருந்தது. "குட் மார்னிங்க்கா" என்று தலையைக் குனிந்தபடி சொல்லிவிட்டு, வேலைக்கான மேல்கோட்டுப் போடுவதற்காக ஸ்வெட்டரைக் கழற்றினாள். கழற்றி, நாலாக மடித்து, விசிறியின் கம்பி வலைமேல் பக்குவமாக மாட்டினாள்.

"அத்த எப்பவும் அங்கதான் மாட்டுவியா?"

"ஆமாக்கா. இந்த ரூம்லயே இங்கதான் காத்து சுத்தமா கீதுன்னு கொஞ்ச நாளு முன்னாடி மெஷினு புக்குல படிச்சேன். வேற எங்கனா வெச்சா தூசு ஒட்டிக்கினு உள்ள வருமேன்னு..."

நான் ஸ்வெட்டரை எடுத்து முகர்ந்தேன். "இத்த உங்கூட்ல எங்க வெச்சிருந்தாங்க?"

"மாமா பீரோலக்கா. அந்துருண்டை போட்டு வெச்சிருந்தாங்க. இங்க யாரு சொட்டரு போடறா?"

கும்மிடிப்பூண்டியில் யார் ஸ்வெட்டர் போடுகிறார்கள்? அதுதான் விஷயமே. பூ, பவுடர், சென்ட், எண்ணெய், ஊதுபத்தி என்று எல்லாவற்றையும் கதவில் எழுதி ஒட்டியிருந்தோம். ஸ்வெட்டர் என்று எழுத யாருக்குத் தோன்றும்? உள்ளே எல்லாரும் முகமூடி போட்டிருந்ததால் மூக்குக்கும் வேலையில்லை. வடிகட்டி தூசியைப் பிடிக்கும், வாசனையைப் பிடிக்காது. அந்துருண்டையின் ஆவி விசிறி வழியாகப் போய் லென்ஸின் அந்தப் பக்கத்தில் மெல்லப் படிந்திருக்கிறது. லேசர் அதைக் கருக்கியிருக்கிறது, கருகின இடத்தில் இன்னும் படிந்திருக்கிறது. துடைத்தால் சரியாகும், அவள் வந்து மாட்டினால் மறுபடி கடிக்கும். இருந்தவர்களிலேயே அதிகக் கவனமாக இருந்தவள் அவள்தான். அந்தக் கவனத்தில் விளைந்த தவறு இது.

விஷயம் கேட்டு வந்த மேனேஜர் பெட்டியைப் பார்த்தார், ஸ்வெட்டரைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நம்ம மெஷினை மிலிட்டரி உள்ள பூந்து அடிச்சிருக்குது!"

லாவண்யா சிரிக்கவில்லை. "என்னாலதானா?" என்று முணுமுணுத்தபடி நின்றாள். நான் அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அழுவதற்கு அப்புறம் நேரம் இருக்கும், தகடுகளைப் பிரிப்போம் வா என்று மேசைக்கு இழுத்துப் போனேன்.

ஒவ்வொரு தகட்டின் மூலையிலும் அதனதன் வடை இருந்ததால் பிரிப்பது சுலபம். முழு வட்டம் ஒரு பக்கம், கடிபட்டது இன்னொரு பக்கம். வடை முழுசாக இருந்த காலத்துத் தகடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். கடிபட்டவற்றைக் குப்பைக்கு அனுப்பலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு குவியல் சேர்ந்தது. அவற்றின் வளையத்தில் கடி என்று சொல்ல முடியாது, வலது மேல்பக்கம் ஒரு நூல் மெலிந்தது போல இருந்தது. உற்றுப் பார்த்தால் தெரிந்தது, மறுபடி பார்த்தால் தெரியவில்லை. அந்தக் குவியல்தான் எல்லாவற்றிலும் பெரியது. அதைத் தள்ளிவிட்டால் அவள் கொண்டுபோவதற்கு நினைத்ததில் பாதிகூடத் தேறாது.

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. முந்தின நாள் ஆணிகளுக்குக் கீழே அவள் உட்கார்ந்து அழுதது கண்முன் வந்தது. அவ்வளவு வாய் பேசின வடை அக்கா சொன்னாள், "இந்தக் குவியலும் பரவால்லம்மா. கடியெல்லாம் இல்ல. எடுத்துக்கினு போ."

லாவண்யா மைக்ராஸ்கோப்பில் தானே கண்ணை வைத்தாள். அந்தக் குவியலில் ஒவ்வொரு தகடாக எடுத்து, நிதானமாக, மூலையை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசியில் அவள் எழுந்து அந்தக் குவியலை என் பக்கம் தள்ளினாள்.

"வேணாங்க்கா."

"ஏம்மா?"

"அங்க படத்துல கொஞ்சம் வரிசை கலைஞ்சிருக்குன்னு வெச்சிக்கோங்க. அத்த பல்ஸு கலைச்சுதா, என் சொட்டரு கலைச்சுதான்னு எனக்கே தெரியாது. தெரியாத ஒன்ன தெரிஞ்சா மாதிரி அத்தினி பேரு முன்னாடி எப்டிக்கா சொல்றது? கம்மியா இருந்தாலும் நல்லதே குடுங்க."

பாஸ் பண்ணச் சொல்லிக் கையைப் பிடித்த அதே பெண். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. கட்டிக்கொள்ளவும் செய்தேன். பிள்ளைகளே, இரக்கம் நல்ல குணம்தான், வைத்துக்கொள்ளுங்கள். மைக்ராஸ்கோப்பில் குனிகிற நேரத்தில் மட்டும் அதையும் பூவோடு சேர்த்து வெளியே மாட்டிவிட்டு வாருங்கள். அடுத்தவருக்கு நல்லது செய்கிற நினைப்பில் நம் கண் எவ்வளவு சீக்கிரம் சமாதானம் ஆகிவிடுகிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மேனேஜர் அவள் பெட்டியை எட்டிப் பார்த்தார். "வெறும் தகடு இன்னும் எத்தினி கீது?"

"கொஞ்சம் கீது சார். டைமு இல்லன்னு தொடவே இல்ல."

அவர் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்றைக்கு இயந்திரத்துக்காகக் காத்திருந்த வேறொரு கஸ்டமரிடம் அவர் மீன் மார்க்கெட் குரலில் கெஞ்சியது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. திரும்பி வந்து, "இன்னா வேடிக்கை? லென்ஸை தொடைங்க, மெஷினை போடுங்க" என்று எங்கள் மேல் பாய்ந்தார். சாயங்காலத்துக்குள் அந்தக் கொஞ்சமும் ஜன்னலாயிற்று. ஒவ்வொன்றின் மூலையிலும் முழு வடை.

கிளம்பும்போதுதான் அடுத்த சிக்கல். தகட்டுப் பெட்டியும் ஸ்வெட்டரும் ஒரே பைக்குள் போக முடியாது. பையிலேயே அந்துருண்டை ஆவி ஏறினால் செய்ததெல்லாம் வீண். அவள் ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தாள். நான் வாங்கிக் கடைசி ஆணியில் மாட்டினேன்.

"குளிருக்கு?" என்றாள்.

கேன்டீன் அக்கா ஒரு சால்வையைக் கொடுத்தார். மேனேஜர் தன் பைக்கிலிருந்து மழைக்கோட்டை எடுத்து வந்தார். "அங்க பனி கொட்டுமே சார், மழைக்கோட்டு எதுக்கு?" என்று ஒரு ஆபரேட்டர் கேட்க, "பனி உருகினா தண்ணிதானே?" என்றார். உருக்குகிற தொழிலில் இருப்பவருக்கு வேறெப்படி யோசனை போகும்? அவள் சிரித்துக்கொண்டே இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அங்கே வேலை நடக்கும்போது போன் பேச முடியாது என்று முன்பே சொல்லியிருந்தாள். எனக்குத் தெரிந்தாலும் மனசு கேட்கவில்லை. லோக்கல் ட்ரெயினில் உட்கார்ந்தால் அந்த நடுக் குவியல்தான் கண்ணில் நிற்கும். இருந்த கொஞ்ச ஜன்னலும் அங்கே இயந்திரத்தைச் சரிசெய்து பார்ப்பதிலேயே தீர்ந்துபோனால் என்ன செய்வாள்? அந்தக் குவியலையும் கட்டாயப்படுத்திக் கொடுத்தனுப்பியிருக்கலாமோ என்றுகூட ஒரு தடவை தோன்றியது. ஒவ்வொரு காலையும் கடைசி ஆணியைத் தாண்டிப் போகும்போது அந்த ஸ்வெட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவேன்.

ஒருநாள் மத்தியானம் கேட்டிலிருந்து ஆள் வந்தது. லாவண்யா நின்றுகொண்டிருந்தாள், பக்கத்தில் விறைப்பாக மீசையோடு ஒரு பெரியவர், தோளில் ஒரு மூட்டை வேர்க்கடலை. அறிமுகம் செய்யவே தேவையிருக்கவில்லை.

"எங்க என் சொட்டரு?" என்றார் தாய்மாமன்.

"மாமா, இருங்க. மொதல்ல அக்கா இத்த பாக்கட்டும்" என்று லாவண்யா கைபேசியை நீட்டினாள்.

முதல் படத்தில் கருப்புத் தளத்தில் வெள்ளைப் புள்ளிகள். கோலத்துக்குப் புள்ளி வைத்தது போல வரிசை வரிசையாக, ஒன்றுகூடப் பிசகவில்லை. "இது உருகறதுக்கு முன்னாடி" என்றாள். விரலால் தள்ளினாள். அடுத்த படத்தில் புள்ளிகள் இல்லை. அவை இருந்த இடத்தில் புகை போல மங்கலாக ஒரு வளையம் மட்டும். "இது அப்புறம். வரிசை கலைஞ்சா புள்ளி போயி வளையம்தான் விழும். ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ கம்மி நேரம்னா, சூடு வந்து சேரவே நேரம் இல்லக்கா."

"சூடு வர்றதுக்கு முன்னாடியே கலைஞ்சிருச்சா?"

"கலைஞ்சிருச்சுக்கா. நல்லா தெரிஞ்சுது. மொதல்ல செஞ்ச ஜன்னலெல்லாம் மெஷினை சரி பண்றதுலயே போயிருச்சு. இது கடைசி நாளு சார் ஓட்டிக் குடுத்தாரே, அந்த ஜன்னலு."

வளையத்தைப் பார்த்தால் என் கண் சும்மா இருக்காது, பழக்கம் அப்படி. கைபேசியை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, வளையத்தைச் சுற்றி வந்தேன். வலது மேல்பக்கத்தில் நின்று பார்த்தேன். எங்கும் கடி இல்லை. முழுசாக இருந்தது. அழுகை வந்துவிட்டது, நான் அதை மறைக்கவும் இல்லை. கதவருகே நின்ற மேனேஜர், "வடை வெந்துச்சா அக்கா?" என்றார். அவர் குரலும் அன்றைக்கு மீன் மார்க்கெட்டில் இல்லை.

மாமாவுக்கு நடந்ததெல்லாம் லாவண்யா சொல்லியிருக்க வேண்டும். அவர் ஆணியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து முகர்ந்து பார்த்தார். "இன்னும் வாசனை போவல" என்றார். ஷிஃப்டு மாறும் நேரம் அது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து தலையிலிருந்து பூவை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி அவர் கையில் இருந்த ஸ்வெட்டரையே பார்த்தாள்.

"இத்த ஏங்க இங்க மாட்டியிருந்தாங்க?" என்று அவரிடமே கேட்டாள்.

அவர் அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், திரும்ப ஸ்வெட்டரைப் பழைய ஆணியிலேயே மாட்டி, அதன் கைகளை நேராக இழுத்துவிட்டார்.

"இருக்கட்டும்மா" என்றார் என்னிடம். "பார்டர்ல என்னோட சேந்து காவல் நின்னது. இங்கயும் நிக்கட்டும்."

அன்றிலிருந்து அது அங்கே நிற்கிறது. நீங்கள் உள்ளே போகும்போது என்னென்ன கொண்டுபோகிறீர்கள் என்று அது பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏசி குளிர்கிறது என்று அதை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடாதீர்கள்.